பறவைக்குத் தீனி வேண்டாம்!

ஜப்பானில் செண்டாய் நகருக்கு அருகே மாட்சுஷிமா என்ற விரிகுடா இருக்கிறது. அதில் சுமார் 260 தீவுகள்! சில வெறும் பாறைத் துண்டுகள்தான். ஆனாலும் அவற்றின் உச்சியில் பைன் மரங்கள் பச்சைக் குடை பிடித்தாற்போல் நிற்கின்றன. "மாட்சு" என்றால் பைன் மரம். "ஷிமா" என்றால் தீவு. ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் இதுவும் ஒன்று.

படகில் ஏறித் தீவுகளைச் சுற்றிப் பார்க்கலாம். முன்பெல்லாம் பயணிகள் படகிலிருந்து தின்பண்டங்களை வீசுவார்கள். கடற்பறவைகள் கூட்டமாக வந்து கொத்தும். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

ஆனால் என்ன ஆயிற்று? பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து பைன் மரங்கள் பட்டுப் போயின. எனவே தீனி போடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

"இதுகூடவா கூடாது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். தடுத்ததே சரி என்பேன் நான். மரத்தைப் பார்க்க வந்தவர்களே மரத்தைச் சாகடிப்பதா?

அந்தத் தீவுகள் அழகுக்கு மட்டும் அல்ல. 2011 மார்ச் 11-ந் தேதி சுனாமி வந்தபோது பக்கத்து ஊர்களில் பேரழிவு. மாட்சுஷிமா ஊரில் சேதம் குறைவு. அலையின் வேகத்தைத் தீவுகள் தாங்கிக்கொண்டன. ஊரைக் காத்த தீவுகளை மொட்டையாக விடலாமா?

பறவைகள் பட்டினி கிடக்குமே என்ற கவலை வேண்டாம். கடலில் மீன் இருக்கிறது!