விலைக்கு இன்பாக்ஸ் வரவும்

"பேஜ் தொடங்கிட்டேன், என்ன போடுறதுன்னுதான் தெரியல." லுணுகலைப் பக்கம் சின்னதா ஒரு தொழிலில் கால் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான். தையல் கடை போட்ட அக்காவும், வீட்டில கேக் செய்து விற்கிற தங்கச்சியும், போன் திருத்துற தம்பியும் இதே கவலையில் இருக்கிறார்கள். இந்தக் கவலைக்கு மருந்து விற்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். மண்டபம் எடுத்து, ஸ்கிரீன் கட்டி, 'முப்பது நாளுக்கு முப்பது ஐடியா' என்று பட்டியல் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமை ஊக்கமூட்டும் வரி. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்கு நன்றி. மகளிர் தினத்துக்கு ஊதாக் கலரில் வாழ்த்து. மண்டபத்துக்குப் போக வழியில்லாதவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள், அதுவும் அதே முப்பதைத்தான் கொடுக்கிறது.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைச் செய்து பாருங்கள். கடையின் பெயரை அழித்துவிட்டு வேறு ஊர்க் கடையின் பெயரைப் போடுங்கள். பிபிலையில் இருக்கும் கடைக்கும் பொருந்தும், பிரிஸ்பேனில் இருக்கும் கடைக்கும் பொருந்தும். எங்கேயும் பொருந்துகிற ஒன்றை எழுதுவதற்கு நீங்க எதுக்கு? வாழ்த்து அட்டை கம்பெனி போதுமே.

இந்த முப்பதிலும் வராத ஒரே விஷயம் விலை. சாரிப் படம் போடுவாங்க, பிளவுஸ் டிசைன் போடுவாங்க, மூன்று தட்டு கேக்கைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுப்பாங்க. கீழே யாராவது "எவ்வளவு அக்கா?" என்று கேட்டால், "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." அடுத்தவர் கேட்டாலும் அதே பதில். இருபது பேர் கேட்டு, இருபது பேருக்கும் அதே பதில் சொல்லியிருக்கிற படங்களைப் பார்த்திருக்கிறேன். இருபது பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், ஆனாலும் இவர்களுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியலையாம்!

கொழும்பில் இது வெறும் எரிச்சல். இங்கே அப்படியில்லை. யார் உங்க வாடிக்கையாளர் என்று யோசித்துப் பாருங்க. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஒரு பெண். 2021 இல் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா என்று ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வர்த்தமானி வந்தது. அதற்கு எத்தனை வருஷப் போராட்டம் என்பது உங்க வீட்டிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பெண் டவுனுக்கு வந்து ஒரு பிளவுஸ் தைக்க எவ்வளவு என்று கேட்டுப் போவதற்கு ஒரு பேர் போகும், அதோடு பஸ் காசு. வந்த பிறகு விலை கட்டாது என்று தெரிந்தால் அந்த நாள் போனது போனதுதான். இன்பாக்ஸுக்கு வா என்றால் டேட்டா போட வேண்டும், பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும், கேட்டுவிட்டு வாங்காமல் போக வெட்கப்பட வேண்டும். நம்ம அம்மாக்கள் கேட்டுவிட்டு வாங்காமல் வர எவ்வளவு கூச்சப்படுவாங்கன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிறையப் பேர் கேட்கவே மாட்டாங்க. ஒரு வரி விலை அவங்களுக்கு ஒரு நாளை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

கணக்கை மறைத்து வைப்பதற்கு மலையகத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஒரு காலத்தில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி பட்டிருக்கும் கடனை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைப்பார்கள், அந்தக் கடன் தீர்ந்தால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். கணக்கு இருந்தது கங்காணியின் கையில். தன் கடன் எவ்வளவு என்று கடன்பட்டவருக்கே சரியாகத் தெரியாது. 1921 இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். ஆனால், கேட்டாத்தான் சொல்வோம், சொல்றதுதான் கணக்கு என்கிற பழக்கம் சட்டத்தோடு போய்விடவில்லை. கடைக் கொப்பியில் அது இருந்தது. இப்போது, கங்காணிக்குக் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் தொடங்குகிற பேஜிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

"விலையைப் போட்டா பக்கத்துக் கடைக்காரன் பார்த்துருவான்" என்பார்கள். லுணுகலை டவுன் எவ்வளவு பெரிசு? பதுளையில் இருந்து பசறை வழியாக செங்கலடிக்குப் போகிற ரோட்டோரத்தில் ஒரு நீளக் கடைத்தெரு. உங்க விலை பக்கத்துக் கடைக்காரருக்கு நேற்றே தெரியும். தெரியாமல் இருப்பது வாங்க வருகிறவருக்கு மட்டும்தான்.

"தைக்கிற விலை துணிக்குத் துணி மாறும், எப்படிப் போடுறது?" இது நியாயமான கேள்வி. லைனிங் வைத்தால் ஒரு விலை, பைப்பிங் வைத்தால் ஒரு விலை, ஆரி வேலை என்றால் இன்னொரு விலை. சரி, அதையே எழுதுங்க. சாதாரண பிளவுஸ் இவ்வளவில் தொடங்கும், லைனிங்குக்கு இவ்வளவு கூடும், ஏன் கூடுது, எத்தனை மணித்தியாலம் பிடிக்குது. ஒரு வாரத்துக்கு எழுத விஷயம் அதிலேயே இருக்கிறது.

உண்மையான காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. ஆளைப் பார்த்து விலை சொல்ல வேண்டும். ரீச்சர் வந்தால் ஒன்று, லயத்திலிருந்து வந்தால் ஒன்று, வெளிநாட்டில் மகன் இருக்கிற வீடு என்றால் வேறொன்று. விலையை எழுதிப் போட்டால் அந்த வசதி போய்விடும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விற்கிற பொருட்களின் விலையைக் கடையில் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. பலசரக்குக் கடை மொதலாளியே பலகையில் எழுதி வைக்கிறார். பேஜ் நடத்துகிற புதுத் தலைமுறைக்கு அதுகூட முடியலையா?

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் மார்கஸ் ஷெரிடன் என்று ஒருவர், நீச்சல்குளம் கட்டிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி வைத்திருந்தார். 2008 இல் அங்கே பொருளாதாரம் விழுந்தபோது கம்பெனியும் மூடுகிற நிலைக்கு வந்தது. அவர் செய்தது பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்கள் அதுவரை கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதினார். முதலில் வந்த கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பது. அந்தத் தொழிலில் மற்றவர்கள் அதை எழுதத் தயங்கினார்கள். தங்களுடைய குளத்தின் குறைகள் என்ன, யாருக்கு அது சரிவராது என்பதையும் எழுதினார். கம்பெனி பிழைத்தது. நீச்சல்குளத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் கேள்வி ஒன்றுதானே?

ஆக, ஐடியா கிடப்பது கவுண்டருக்கு முன்னால். ஒரு மாதம் ஒரு கொப்பி வைத்து, வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதுங்க. "தீபாவளிக்குத் தைச்சுத் தருவீங்களா, எந்தத் திகதிக்குள்ள துணி தரணும்?" "டிஸ்பிளே மாத்துனா ஒரிஜினலா, கொப்பியா, எப்படித் தெரியும்?" "மிளகு எவ்வளவு காய்ஞ்சிருந்தா எடுப்பீங்க?" "கேக் பஸ்ல மடுல்சீமைக்குக் கொண்டு போனா உடையுமா?" கடைசிக் கேள்வியை எந்தப் பட்டறையும் உங்களுக்குக் கொடுக்காது. அந்த ரோட்டின் வளைவுகள் தெரிந்தவருக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

தேயிலை பாக்கெட் பண்ணி விற்கத் தொடங்கியிருக்கிற பொடியன்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது. 1890 இல் இங்கே வந்து ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைத் தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன், கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பேசத் தெரிந்த வியாபாரி. இடைத்தரகரை விலக்கியதால்தான் விலை குறைவு என்பதையே விளம்பரமாக்கினார். வாங்குகிறவருக்கு விலையைச் சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டது கொழுந்து பறித்தவர்களின் கூலியை. அன்றிலிருந்து சிலோன் தேயிலையின் கதை அதே அச்சில்தான் ஓடுகிறது. பச்சை மலை, பனி, கூடையோடு சிரிக்கிற ஒரு பெண். நம்ம பொடியன்களும் அதே சிரிக்கிற பெண்ணை இணையத்தில் தேடி எடுத்து பாக்கெட்டில் ஒட்டுகிறார்கள். அடுத்த லயத்தில் அத்தை இருக்கும்போது, முகம் தெரியாத யாருடைய படமோ எதுக்கு? அத்தையிடம் கேட்டு, அவங்க சரி என்றால், பெயரோடு போடுங்க. மாட்டேன் என்றால் படம் வேண்டாம்.

எழுத விஷயமா இல்லை? தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக நம்ம பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் செடி வாடித் தளிர் மெதுவாக வளரும். அப்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்தக் குளிர்ந்த, காரமான வாசம் ஏறுகிறது. உலகச் சந்தையில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் அதே மாதங்களில் கொழுந்து குறையும், கூடை நிறையாது, எடை காணாமல் அரைப்பேர் விழும் என்ற பயம் இருக்கும். வாசம் கூடுகிற மாதமும் கை வாடுகிற மாதமும் ஒன்றுதான். இதைப் பாக்கெட்டில் எழுத, அந்தக் கூடையைச் சுமந்த வீட்டுப் பிள்ளையைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது? எழுதுங்க. பறித்த மாதம், தோட்டம், பறித்தவருக்குக் கொடுத்த காசு, பாக்கெட்டின் விலை, நாலையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்க. இன்பாக்ஸுக்கு யாரும் வர வேண்டியிருக்காது.