தாழ்த்திய காரும் தவறிய கணக்கும்

கிட்வாய் நகர் போன்ற தில்லிக் குடியிருப்புகளின் உட்சாலைகளில் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. சுருள்வில்லை வெட்டித் தாழ்த்தப்பட்ட கார்கள் அவற்றின்மீது அடிவயிறு உரச ஊர்ந்து செல்வதும் புதிய காட்சியன்று. காரணம் கேட்டால், தாழ்த்தினால் ‘பிக்கப்’ கூடும் என்பதே உடனடி விடையாக வருகிறது. இளைஞர்கள் அவ்வாறு நம்புவதில் வியப்பில்லை. இயந்திரப் பொறியியல் மாணவர்களின் வடிவமைப்பு அறிக்கைகளிலும் இதே வாக்கியம் சற்றே மெருகேறிய நடையில் இடம்பெறுவதும், அதை மதிப்பிடுவோர் கேள்வியின்றிக் கடந்துபோவதுமே கண்டிக்கத்தக்கவை.

ஒரு வாகனம் முடுக்கப்படும்போது முன்சக்கரங்களின் சுமை குறைந்து பின்சக்கரங்களின் சுமை கூடுகிறது. இடம்பெயரும் சுமையின் அளவு எளியது: நிறை, முடுக்கம், நிறை மையத்தின் உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். இச்சமன்பாட்டை மனப்பாடமாக எழுதத் தெரிந்த மாணவருக்கும் அது சொல்லும் செய்தி பிடிபடாமல் போகிறது. உயரம் குறைந்தால் பின்னோக்கிச் செல்லும் சுமையும் குறையும். பின்சக்கரங்களால் உந்தப்படும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அது இழப்பேயன்றி ஆதாயமன்று.

கணக்கிட்டே பார்க்கலாம். அச்சிடைத் தூரம் 2.5 மீட்டர், எடை முன்னும் பின்னும் சரிபாதி, டயரின் உராய்வுக் குணகம் 1 எனக் கொள்வோம். நிறை மையம் 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், பின்சக்கர இயக்கக் கார் சக்கரம் சுழன்று நழுவாமல் பெறக்கூடிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.625 பங்கு. மையத்தை 5 செ.மீ. இறக்கினால் அது 0.61 ஆகச் சரிகிறது. (சக்கரங்களும் அச்சுகளும் இறங்குவதில்லை என்பதால், வில்லை 5 செ.மீ. குறைத்தாலும் மையம் அவ்வளவு இறங்காது.) முன்சக்கர இயக்கக் காரில் நிலைமை தலைகீழ்: முன்புறம் 60 விழுக்காடு எடை எனில் 0.5 என்பது 0.508 ஆக உயர்கிறது. ஆதாயம் உண்டு, ஆனால் அது இரண்டு விழுக்காட்டையும் எட்டுவதில்லை.

அதுவும் எவ்வளவு நேரத்துக்கு? சக்கரங்களில் 100 கிலோவாட் திறன் கிடைக்கும் 1200 கிலோ காரை எடுத்துக்கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே எஞ்சினால் தரக்கூடிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதிதான். அதற்குமேல் எல்லை வகுப்பது எஞ்சின்; டயரன்று. அங்கே நிறை மையம் எந்த உயரத்தில் இருந்தால் என்ன?

இன்னொரு பிழை வகுப்பறைகளிலேயே உலவுகிறது. காரின் பின்புறம் அமிழ்வதால்தான் சுமை பின்னே செல்கிறது என்றும், ஆகவே வில்லைக் கடினமாக்கினால் சுமைப் பெயர்ச்சி நின்றுவிடும் என்றும் சொல்லப்படுகிறது. அமிழ்தல் விளைவு, காரணமன்று. சஸ்பென்ஷனே இல்லாத கார்ட் வண்டியிலும் சுமை இடம்பெயரவே செய்கிறது. வில்லும் அதிர்வடக்கியும் சுமை எவ்வளவு விரைவாகப் பெயர்கிறது, உடல் எவ்வளவு சாய்கிறது என்பனவற்றை மாற்றும். நிலைபெற்ற முடுக்கத்தில் மொத்த அளவை ஏறக்குறைய மாற்றுவதில்லை.

தாழ்ந்த காருக்கு வளைவில் நன்மை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. பக்கவாட்டுச் சுமைப் பெயர்ச்சி குறைந்தால் டயர்களின் மொத்தப் பிடிமானம் கூடும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் வண்டிகள் தரையை ஒட்டி ஓடுவதற்கு அதுவே முதற்காரணம். அந்தக் காட்சியை நேர்க்கோட்டு ஓட்டத்துக்கும் பொருத்திவிடுவதில்தான் குழப்பம் பிறக்கிறது. டிராக் பந்தய மோட்டார் சைக்கிள்கள் தாழ்த்தப்பட்டு நீட்டப்படுகின்றனவே என்பார்கள். அங்கே சிக்கல் வேறு: அச்சிடைத் தூரத்தோடு ஒப்பிட மையம் மிக உயரத்தில் இருப்பதால், டயர் நழுவும் முன்பே முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது. பிடிமானம் போதாத டயர்களோடு ஓடிய 1960களின் அமெரிக்க ‘கேஸர்’ கார்களோ முன்புறத்தை வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டன. பின்சக்கரத்துக்குச் சுமை வேண்டியிருந்தது.

வேகத்தடையைப் பழிப்போருக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்டது. மேற்சொன்ன கார் அதன் நடுவில் நிற்கையில், மேட்டின் உச்சி சக்கரங்கள் தொடும் மட்டத்தைவிட 4.6 செ.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும். அளவு மீறிய மேடும் அளவு மீறித் தாழ்ந்த காரும் சந்திக்கும் இடத்திலேயே பெரும்பாலும் உரசல் நிகழ்கிறது.

மாணவர் ஃபார்முலா போட்டிகளின் முடுக்கத் தேர்வு 75 மீட்டர் நேர்த்தடத்தில் நடப்பது. அதில் எத்தனை மீட்டர் டயரின் எல்லைக்குள், எத்தனை மீட்டர் எஞ்சினின் எல்லைக்குள் என்பதை ஒரே மாலையில் கணக்கிட்டுவிடலாம். அக்கணக்கு இல்லாமல் ‘முடுக்கத்துக்காகத் தாழ்த்தினோம்’ என்று எழுதப்படும் அறிக்கைக்கு மதிப்பெண் வழங்குவோர், எதற்காக வழங்குகிறார்கள்?