கழிபொருட் கைத்தொழிற் கல்வி

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலை தன் பெருமையைத் தன் பெயராலேயே விளக்கி நிற்பது. இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என மலையினின்றும் வரும் நீரை நாடி மக்கள் ஏறிச் செல்கின்றனர். அருணகிரிநாதரின் திருப்புகழிலும் இத்தலம் இடம் பெற்றுள்ளது. முன்னாளில் அந்நீரை இல்லத்திற்குக் கொணரச் செம்பும் சுரைக்குடுக்கையும் உதவின. இந்நாளிலோ பிளாஸ்டிக் புட்டியே அப்பணியை மேற்கொண்டுள்ளது. நீர் தீர்ந்த பின்னர் அப்புட்டி யாதாகின்றது என்னும் வினாவே நம்மை இக்கட்டுரை வரையத் தூண்டியது.

1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் நூலிழைக்கெனக் கண்டறிந்த பாலியெஸ்டர்ப் பொருளே, 1973-இல் அமெரிக்கரான நத்தானியேல் வையத் பெற்ற காப்புரிமையால் புட்டி வடிவுற்றது. இது மட்கும் இயல்பினதன்று. வெயிலில் நொறுங்கித் துகளாவதே இதன் கதி. தீர்த்தமலைப் பக்கத்தில் எறியப்படும் புட்டி மழைவெள்ளத்தோடு தென்பெண்ணையை அடையுமாயின், சாத்தனூர் அணையும் கடலூர்க் கடலும் அதற்கு எட்டாதன அல்ல. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டபோது, தண்ணீர்ப் பொட்டலம் அத்தடையுள் அடங்கிற்று, புட்டி அடங்கவில்லை. ஆகவே சட்டம் தொடாத இடத்தில் கல்வி தன் கடமையைச் செய்தல் வேண்டும்.

பள்ளிகள் பலவற்றில் மாணாக்கர் புட்டிகளைக் கொண்டு பூச்சாடியும் பொம்மையும் தோரணமும் செய்யப் பழக்கப்படுகின்றனர். இம்முயற்சியை நாம் இகழ்வோமல்லோம். கிழிந்த சேலை தூளியாகவும், காய்ந்த சுரை குடுக்கையாகவும், உடைந்த பானை செடித்தொட்டியாகவும் மாறிய நாடு நம் நாடு. கழிந்த பொருளை உயர்ந்த பயனுக்குக் கொணர்தல் நம் தாய்மாரின் பழைய வித்தையே. எனினும் இன்று பரவிவரும் முறையில் ஒரு பெருங்குறை உண்டென்பது நம் கருத்து.

அது யாதெனின், வண்ணம் பூசி, பசை தடவி, சரிகைத் தூள் ஒட்டிய புட்டி சில திங்களில் பொலிவிழந்து குப்பையையே சேர்கின்றது. தூய புட்டிக்கோ வேறு வழி உண்டு. பழம்பொருட் கடையில் அதற்கு விலையுண்டு; ஆலையிற் சென்று துண்டாக்கப்பட்டு உருகி இழையாகும் தகுதியும் உண்டு. 2023 பிப்ரவரியில் இந்தியப் பிரதமர் பாராளுமன்றத்திற்கு அணிந்து வந்த நீலச் சட்டை, பழம்புட்டிகளின் இழையாலாகிய துணியாற் தைக்கப்பட்டது. அத்துணி நம் கரூரிலிருந்து சென்றதாகும். அழகூட்டுவதாக எண்ணி நாம் பூசும் வண்ணம் அவ்வழியை அடைத்துவிடுகின்றது. இஃது உயர்த்தலாமோ, தாழ்த்தலாமோ? கற்போரே தீர்மானிக்கட்டும். இன்னும் சில இடங்களில், கைத்தொழில் வகுப்பிற்கென்றே பிள்ளைகள் புதுப்புட்டி வாங்கி நீரைக் கொட்டிவிட்டு வருவாராயின், அவ்வகுப்பு நடவாதிருத்தலே நன்று.

பின்னர் எதனைக் கற்பிப்பது? கான்பூர் ஐ.ஐ.டி.யிற் பயின்ற அரவிந்த் குப்தா இதற்கு நல்வழி காட்டியுள்ளார். 1978-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியற் கல்வி முயற்சியோடு தொடர்புகொண்ட அவர், தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழலும் கொண்டு சிற்றூர்ச் சிறார்க்குக் கணிதமும் விஞ்ஞானமும் விளங்கச் செய்தார். கழிபொருளிலிருந்து விளையாட்டுக் கருவிகள் செய்யும் அவர்தம் பணிக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. அவர் பொருளை அலங்கரிக்கவில்லை, வினாவை எழுப்பினார். பிரேசில் நாட்டுத் தொழிலாளர் அல்பிரெடோ மோசர், 2002-இல் நீர் நிரப்பிய புட்டியைக் கூரையிற் பொருத்திப் பகலில் இருண்ட அறைக்கு ஒளி தந்தார். பக்கத்தில் மூன்று துளையிட்ட ஒரு புட்டி, நீரின் ஆழத்திற்கேற்ப அழுத்தம் மிகும் என்பதை நூற்பக்கங்கள் பலவற்றினும் தெளிவாய்க் காட்டும். மூடியில் நுண்துளையிட்டுத் தலைகீழாய் நட்ட புட்டி, கோடையில் வாடும் கன்றுக்குச் சொட்டுநீர் ஊட்டும்.

தருமபுரிக்கே உரிய பாடம் ஒன்றும் உண்டு. தெளிந்த நீரை நிறமற்ற புட்டியில் நிறைத்து 6 மணி நேரம் கடுவெயிலில் வைப்பின், நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடியும். ஆனால் இம்மாவட்டத்து நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடை வெயில் அகற்றாது. அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு 2013-இல் தொடங்கப்பெற்றது. ஒரே புட்டி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என ஆராயும் மாணாக்கன், பல்லிற் கறைபடிந்த தன் ஊராரின் துன்பத்திற்குக் காரணத்தையும் உடன் அறிவான்.

ஆகவே ஆசிரியராகப் போகும் நம் கல்லூரி அன்பர்க்கு நாம் கூறுவன நான்கு. புட்டியைக் குறைத்தலே முதற்பாடம். செம்பு கொணர்பவன் கைவினைஞனினும் மேலானவன். எறியப்பட்டதையே எடுக்க, புதிது வாங்கற்க. செய்யும் பொருள் ஒரு வீட்டுத் தேவையையோ ஓர் அறிவியல் வினாவையோ தீர்ப்பதாகுக. அதன் பயன் முடிந்தபின் அது எங்குச் செல்லும் என்பதையும் செய்தவனே சொல்லுக.

அழகு வேண்டாவோ எனச் சிலர் வினவக்கூடும். வேண்டும், ஆயினும் பொருளுக்கு அழகு அதன் பயன். கண்காட்சி மேசையில் ஒருநாள் மின்னி மறுநாள் குப்பையாகும் நூறு பூச்சாடிகளினும், தீர்த்தமலைச் சரிவில் ஒரு வேப்பங்கன்றைக் கோடை கடத்தி வைக்கும் ஒரு புட்டியையே நாம் பெரிதும் விரும்புவோம்.