பரம்பரை என்றால் ரத்தமா?

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரி நாட்களில் அவர் பாக்ஸராம். வாங்கிய இரண்டு மெடல்களும் இன்றைக்கும் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. மகன் பத்தாம் வகுப்பு. திருச்சிக்குப் போய் கிளவுஸ் வாங்கிவந்து கொடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடவிட்டார். பையன் ஆறு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கிளவுஸைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டான். இனிமேல் போட மாட்டானாம்.

அப்பாவுக்கு மனசு விட்டுப்போச்சு. தன் பேரை எடுக்க ஆளில்லையே என்று புலம்பியிருக்கிறார். கடைசியில் என்னிடம் ஒரு வேண்டுகோள்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உறைக்கிற மாதிரி நீங்களாவது எழுதுங்கள், சார்.

எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'அப்பன் பேரைக் காப்பாத்து' என்று சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? டாக்டர் மகன் டாக்டராக வேண்டும். ஹீரோ மகன் ஹீரோவாக வேண்டும். முதல் படம் ஊத்திக்கொண்டால் இரண்டாவது படம், அதுவும் போனால் மூன்றாவது. அப்பாவின் பேர் தீரும் வரைக்கும் மகனுக்கு வாய்ப்பு தீராது. அரசியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 மக்களவைத் தேர்தலில் உங்கள் பெரம்பலூர் தொகுதியில் ஜெயித்த அருண் நேரு, அப்போது அமைச்சராக இருந்த கே.என்.நேருவின் மகன். அவர் நன்றாகவே வேலை செய்யலாம், அது வேறு விஷயம். ஆனால் அப்பா பேர் தெரியாத ஒருவருக்கு அந்த சீட் கிடைத்திருக்குமா என்று உங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

குத்துச்சண்டை மேடையில் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. மேடை வரைக்கும் அப்பா பேர் கூட்டிக்கொண்டு போகும். மணி அடித்ததும் அப்பா கயிற்றுக்கு வெளியே, மகன் உள்ளே. விழுகிற குத்து யார் மகன் என்று விசாரித்துவிட்டு விழுவதில்லை.

ஜோ ஃப்ரேசியர் என்றால் நம் தாத்தாக்களுக்கும் தெரியும். 1971-ல் முகமது அலியை முதன்முதலாகத் தோற்கடித்தவர். அவர் மகன் மார்விஸ் நல்ல பையன், நல்ல பாக்ஸரும்கூட. அமெச்சூராக நிறையவே ஜெயித்தவன். பயிற்சி கொடுத்ததும் மேனேஜராக இருந்ததும் அப்பாதான். அப்பாவுக்கு அவசரம். புரொஃபஷனலாகப் பத்தே பத்து சண்டை போட்டிருந்த மகனை, 1983 நவம்பரில் லாரி ஹோம்ஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஹோம்ஸ் அப்போது உலக சாம்பியன். முதல் ரவுண்டே முடியவில்லை, கதை முடிந்துவிட்டது. அதோடு விட்டாரா? 1986 ஜூலையில் மைக் டைசன் முன்னால் நிறுத்தினார். முப்பது விநாடி. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அந்தச் சண்டை முடிந்துவிட்டது. பிற்பாடு மார்விஸ் மத போதகராகப் போய்விட்டார்.

இதில் மகன் செய்த தப்பு என்ன, சொல்லுங்கள். தன்னுடைய பழைய கணக்கை இன்னொரு உடம்பை வைத்துத் தீர்க்கப் பார்த்தது யார்?

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. நைஜல் பென்னும் கிறிஸ் யூபாங்கும் ஜென்மப் பகையாளிகள். 1990-ல் யூபாங்க் ஜெயித்தார். 1993-ல் டிரா. கணக்கு தீரவில்லை. சரி, பெரியவர்களாச்சே, விட்டுத் தொலைத்திருக்கலாம். முப்பது வருஷம் கழித்து மகன்கள் இரண்டு பேரையும் மோதவிட ஏற்பாடு செய்தார்கள். 2022-ல் பென் மகன் ஊக்கமருந்து பரிசோதனையில் சிக்கியதால் சண்டை ரத்து. கடைசியில் 2025 ஏப்ரலில், லண்டனில் ஒரு கால்பந்து ஸ்டேடியத்தில், யூபாங்க் மகன் ஜெயித்தான். அதே வருஷம் நவம்பரில் பென் மகன் ஜெயித்தான். இரண்டு பேருக்கும் வழக்கமான எடைப் பிரிவு வேறு வேறு. ஒருவன் ஏற வேண்டியிருந்தது, இன்னொருவன் உடம்பை வற்றவைத்து இறங்க வேண்டியிருந்தது. எதற்கு? அப்பாக்கள் பேருக்கு டிக்கெட் விற்கும் என்பதற்காக. சண்டைக்கோழி வளர்க்கிறவர்கள்கூட எடை பார்த்துத்தான் கோழியை விடுவார்கள்.

அப்பா பேரை எடுத்த பிள்ளைகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1978 பிப்ரவரி 15 அன்று லியான் ஸ்பிங்க்ஸ் முகமது அலியைத் தோற்கடித்து உலகத்தையே திகைக்கவைத்தார். ஐந்து நாள் கழித்து அவருக்குப் பிறந்தவன் கோரி. 2003-ல் அந்தக் கோரியும் தன் எடைப் பிரிவில் உலகத்தின் ஒரே சாம்பியன் ஆனான். அலியின் மகள் லைலா 24 சண்டை போட்டு 24-லும் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். அதில் ஒன்று 2001-ல் ஃப்ரேசியரின் மகள் ஜாக்கியோடு போட்டது. வேடிக்கை என்னவென்றால், மகள் மேடையேறுவதில் அலிக்கு முதலில் இஷ்டமே இல்லை. 'என் பேரை எடுக்க ஆளில்லை' என்று அழுகிற அப்பாக்கள் பெரும்பாலும் மகனை மட்டும்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் மகனைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் மகள் உண்டா, சார்?

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். ஹரியானாவின் ஹவா சிங், 1966, 1970 என்று அடுத்தடுத்து இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியவர். அவர் மகன் சஞ்சய் பாக்ஸராக இருந்து கோச் ஆனார். பேத்தி நூபுர் 2025 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். மூன்று தலைமுறை! ரத்தம்தானே பேசுகிறது?

கொஞ்சம் பொறுங்கள். ஹவா சிங் ஓய்வு பெற்றதும் பிவானி என்கிற சின்ன ஊரில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாக்ஸிங் கற்றுக்கொடுத்தார். அந்த ஊரில் பாக்ஸிங் வேர்விட்டது. அதே பிவானியிலிருந்துதான் விஜேந்தர் சிங் வந்தார். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், ஒலிம்பிக் பாக்ஸிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். அவர் அப்பா பஸ் டிரைவர். பேத்திக்கும் பதக்கம், பஸ் டிரைவர் மகனுக்கும் பதக்கம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ரத்தமா, ஊரில் இருந்த பயிற்சிக்கூடமா?

வடசென்னைக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அங்கே சொன்னார்களே, அந்தப் பரம்பரைக்கு அர்த்தம் என்ன? 2021-ல் பா.ரஞ்சித் படம் வந்த பிறகு ஊருக்கே அந்தப் பேர் தெரிந்துவிட்டது. அர்த்தம்தான் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அது அப்பன், பாட்டன் வரிசை கிடையாது. வாத்தியார், சிஷ்யன் வரிசை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், மீன் பிடித்தவனும் ஒரு வாத்தியாரிடம் போய் நின்றால் அவன் அந்தப் பரம்பரை. 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று போஸ்டர் ஒட்டினார்களே, அந்த ரோஷமெல்லாம் வாத்தியார் பேருக்காக. எந்த வீட்டில் பிறந்தாய் என்று பார்க்கிற நாட்டில், யாரிடம் கற்றாய் என்பதைப் பரம்பரை என்று சொன்னார்களே, அது லேசுப்பட்ட காரியமா?

உங்கள் பக்கத்து மாவட்டத்துக்கு வருகிறேன். கங்கைகொண்ட சோழபுரம். அங்கே யாருடன் போனாலும் ஒரு கதை சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, இது சுமார் 180 அடி. அப்பா ராஜராஜன் மேல் வைத்திருந்த மரியாதையால் ராஜேந்திரன் உயரத்தைக் குறைத்துக்கொண்டானாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி எழுதிய கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிகிற உண்மை ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ராஜேந்திரன் அப்பாவின் தலைநகரத்தில் உட்காரவில்லை. தஞ்சாவூரை விட்டுவிட்டு வந்து, புது ஊர், புது ஏரி, புது அரண்மனை என்று தனக்கென்று ஒன்றைக் கட்டினான். அப்பா போகாத கங்கைக்குப் படையை அனுப்பினான். கடல் கடந்து கடாரத்துக்கு அனுப்பினான். அதற்கப்புறம் சுமார் இருநூற்றைம்பது வருஷம் சோழர்களுக்கு அதுதான் தலைநகரம். அப்பா வீட்டிலிருந்து வெளியே வந்த பிள்ளை என்பதால்தான் இன்றைக்கும் அவன் பேர் தனியாக நிற்கிறது.

அரியலூர் மாவட்டத்தின் கதையே அப்படித்தானே? 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனிக்குடித்தனம் போனது. 2002-ல் திரும்ப அப்பா வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். 2007-ல் மறுபடி தனியாக வந்துவிட்டது. மாவட்டத்துக்கே இவ்வளவு பாடு என்றால், பத்தாம் வகுப்புப் பையன் பாவம் என்ன செய்வான்!

அதே அரியலூரிலிருந்து ஒரு பையன் வந்தான். செல்வம் கார்த்தி. ஹாக்கி. 2022 மே மாதம் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதல் மேட்ச், பாகிஸ்தானுக்கு எதிராக. அதிலேயே கோல் அடித்தான். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஜெயித்த அணியிலும் இருந்தான். அப்பா காவலாளி வேலை பார்த்தவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். காப்பாற்றுவதற்கு அவனுக்கு அப்பா பேர் எதுவும் இல்லை. ஹாக்கி கற்பதற்காக அவன் கோவில்பட்டி வரைக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே விளையாட்டு விடுதி இருந்தது, ஹாக்கியை நேசிக்கிற ஊர் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால்? இன்றைக்கு சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியில் ஒரு நல்ல லெஃப்ட் ஹேண்ட் பாக்ஸர் கிளீனராகப் போய்க்கொண்டிருக்கலாம். நமக்குத் தெரியப்போவதில்லை. பெரிய அப்பாவின் பிள்ளை தோற்றால் தலைப்புச் செய்தி. மேடையே பார்க்காதவன் தோற்றது யார் கணக்கிலும் வராது. என் கோபமெல்லாம் இதில்தான். 'வாரிசு ஜெயிப்பாரா?' என்று நாம் பத்தி பத்தியாகப் பேசி முடிப்பதற்குள், வாரிசாகப் பிறக்காதவனுக்கு வயசு தாண்டிவிடுகிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு பதில், சார். முகமது அலியின் அப்பா பாக்ஸர் கிடையாது. கடைகளுக்கு போர்டு எழுதுகிற பெயின்ட்டர். பன்னிரண்டு வயசில் அலியின் சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். அழுதுகொண்டே போலீஸ்காரர் ஒருவரிடம் போய், திருடனை உதைக்கப் போகிறேன் என்றான். ஜோ மார்ட்டின் என்கிற அந்தப் போலீஸ்காரர், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று தன் ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொந்தப் பிள்ளை இல்லை. தெருவில் போன பிள்ளை.

உங்கள் மகனைத் தூங்க விடுங்கள். அவன் சித்திரம் வரையட்டும், கம்ப்யூட்டர் படிக்கட்டும், சும்மா கொஞ்ச நாள் மாடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கட்டும். ஆறு மாசம் உங்களுக்காக ஓடினானே, அதுவே பெரிய மரியாதை.

ஆனால் நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்திருப்பதை நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவில் சோளக்காட்டு வேலைக்கும் வெங்காயம் அறுக்கவும் போகிற வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் இருப்பார்கள். பையனோ, பெண்ணோ, கூப்பிடுங்கள். இடது கையை எங்கே வைக்க வேண்டும், தாடையை எப்படி மறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு அதில் ஒருவர் மேடையேறி, யாரிடம் கற்றாய் என்று யாராவது கேட்டால், உங்கள் பேரைத்தான் சொல்வார்.

அந்த கிளவுஸ் இன்னும் உங்கள் மனைவியிடம்தானே இருக்கிறது? கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.