48 பூட்டு எதற்கு?

மாணவர் ஏட்டில் பணத்தைப் பற்றி எழுதினால் சிலர் முகம் சுளிப்பர். அதிலும் கண்ணுக்குத் தெரியாத காசைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவனுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை இல்லையா?" என்பர். சொல்லட்டும். நம்மில் பலர் நாளை இத்தகைய நிரல்களை எழுதப் போகிறவர்கள். பிறர் பணம் நம் கைவழியே போகும். இன்றே சிந்திப்பதில் தவறென்ன?

ஸீகேஷ் என்பது 2016 அக்டோபர் 28 அன்று பிறந்த மின்காசு. பிட்காயினைப் போலவே அதற்கும் 2 கோடியே 10 இலட்சமே உச்ச வரம்பு. கணக்குச் சங்கிலியில் புதிய கட்டம் சேர்ப்போர்க்குப் புதுக்காசு கூலியாகக் கிடைக்கும். முதல் நான்கு ஆண்டுகளுக்கு அக்கூலியில் ஐந்தில் ஒரு பங்கு, அதனைத் தோற்றுவித்தோர்க்கெனப் பிரிக்கப்பட்டது. குறித்த முகவரிக்குப் பங்கு செலுத்தாத கட்டம் செல்லாது. இது வேண்டுகோளன்று, மென்பொருளிலேயே பொறித்த சட்டம்! இதை நான் குறைகூற மாட்டேன். நிரல் எழுதுகிறவனுக்கும் வயிறு உண்டு.

குறை முகவரிகளில்தான். ஒன்றல்ல, இரண்டல்ல, 48 முகவரிகள்! ஏறத்தாழ மாதத்திற்கு ஒன்றாக மாறிக்கொண்டே வரும். மொத்தம் 21 இலட்சம் காசு. ஒரு முகவரிக்குச் சராசரி 43,750. ஒரு சாவி தொலைந்தால் ஒரு மாதப் பணமே போகும், மற்றவை பிழைக்கும் என்று இதற்குக் காரணம் காட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 48 சாவிகளையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தால், பெட்டியைத் தூக்கிச் செல்லும் கள்வனுக்கு எண்ணிக்கையால் என்ன துன்பம்? மாதந்தோறும் மாறுகிறதே என்பீர்கள். அந்த மாற்றமும் முன்கூட்டியே எழுதி வைத்தது. பொறுப்பாளர் விலகினால் புதுச்சாவி போடும் வசதி அதில் இல்லை. முகவரியை மாற்ற வேண்டுமானால் வலையமைப்பு முழுதும் புதிய விதிக்கு மாற வேண்டும்.

2020 நவம்பரில் ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டது. நூற்றுக்கு இருபதில், எலெக்ட்ரிக் காயின் கம்பெனிக்கு 7, ஸீகேஷ் அறக்கட்டளைக்கு 5, கொடைநிதிக்கு 8 என்று மூன்று ஓடைகள். வேடிக்கை என்னவென்றால், கம்பெனியின் ஓடைக்கு 48 வெவ்வேறு முகவரிகள். மற்ற இரண்டுக்கும் 48 இடங்களிலும் அவரவர்க்குரிய ஒரே முகவரி! இரு முறைகளும் ஒரே விதித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் இரண்டாவது முறையின் கட்சி. ஒரே முகவரியானால் எந்த மாணவனும் சங்கிலியைத் திறந்து, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒரு மாலைப் பொழுதில் கணக்குப் பார்த்துவிடலாம். 48 என்றால் கூட்டிக் கூட்டியே களைத்துப் போவான். எளிமை இங்கே நிரல் எழுதுவோரின் சோம்பலுக்காக அன்று. கேள்வி கேட்போரின் வசதிக்காக.

"எல்லா முட்டையும் ஒரே கூடையிலா?" என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான அச்சம். அதற்கு மருந்து கூடைகளைப் பெருக்குவதன்று, கைகளைப் பெருக்குவது. மூவரிடம் சாவி, இருவர் சேர்ந்தால்தான் திறக்கும். அப்படிப்பட்ட முகவரியை அமைக்கும் வழி அச்சங்கிலியிலேயே இருக்கிறது. வந்த பணத்தை அங்கேயே குவிக்காமல் அவ்வப்போது வேறிடம் சேர்ப்பதும் நன்று. ஒரு சாதாரணச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே இரண்டு கையெழுத்து கேட்கிறார்களே!

2024 நவம்பரில் இன்னும் ஒரு படி சென்றார்கள். 8 பங்கு கொடைகளுக்குப் போக, 12 பங்கு எந்த முகவரிக்கும் போகாமல் நெறிமுறைக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டது. முகவரித் தொல்லை அடியோடு ஒழிந்தது என்று மகிழ்ந்தோர் உண்டு. எனக்கு அம்மகிழ்ச்சி பாதிதான். முகவரி இல்லாத பணத்துக்குக் கள்வன் இல்லை, சரி. ஆனால் அதைத் திறக்கும் உரிமை யாருக்கு, எத்தனை பேருக்கு என்பதைப் பூட்டும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பூட்டிவிட்டுச் சாவிக்காரரைத் தேடியது எனக்குப் பிடிக்கவில்லை.