பச்சையவுருமணி யாருடைய சொல் கேட்டுப் பிரியுது?

உயர்தரத்தில உயிரியல் படிச்ச எல்லாருக்கும் இந்தப் பட்டியல் பாடம்: பச்சையவுருமணிக்கு இரட்டை மென்சவ்வு, சொந்த டி.என்.ஏ, 70எஸ் றைபோசோம். ஆகவே அது ஒரு காலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த நீலப்பச்சை பற்றீரியாவின் வழித்தோன்றல். பெரிய கலம் 'விருந்துவழங்கி', உள்ளே வந்தது விருந்தாளி, ரெண்டு பேருக்கும் லாபம். புள்ளி கிடைச்சிடும். ஆனா இந்த இனிப்பான கதையில எனக்கு ஒரு சந்தேகம்: விருந்தாளி எண்டா, எப்ப பெருகுவது எண்டு தீர்மானிக்கிறது யார்?

இந்தக் கருத்து லேசில் ஏற்கப்பட்டதில்லை. 1905 இல் ரஷ்யத் தாவரவியலாளர் மெரெஷ்கோவ்ஸ்கி எழுதினார். பெரிதாக யாரும் எடுபடவில்லை. லின் மார்குலிஸ் அதை மீண்டும் எழுதியபோது பல சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 1967 இல்தான் கட்டுரை வெளிவந்தது.

இப்ப பிரிவைப் பாருங்கோ. பச்சையவுருமணியின் நடுவில், உள்மென்சவ்வின் உட்புறமாக, ஒரு புரத வளையம் உருவாகும். அதன் பெயர் எஃப்.ரி.எஸ்.இசட். பற்றீரியாக்கள் தங்களை இரண்டாகப் பிரிக்கப் பயன்படுத்துவதும் இதே புரதக் குடும்பத்தைத்தான். மூதாதையின் கைரேகை மாதிரி.

ஆனா அந்தப் புரதத்துக்கான பரம்பரையலகு தாவரங்களில் பச்சையவுருமணிக்குள் இல்லை, கலத்தின் கருவில் இருக்கு. புரதம் வெளியே தயாராகி உள்ளே அனுப்பப்படுது. வெளிமென்சவ்வின் மேல் இன்னொரு வளையமும் இறுக்கும். அது டைனமின் குடும்பப் புரதம், விருந்துவழங்கியின் பக்கத்திலிருந்து வந்தது. பற்றீரியாவிடம் ஆயிரக்கணக்கில் இருந்த பரம்பரையலகுகளில், நிலத் தாவரங்களின் பச்சையவுருமணியில் மிஞ்சியவை நூறு சொச்சம்தான். மற்றவை தொலைந்தன, அல்லது கருவுக்குப் போய்விட்டன.

அப்ப இது அடிமைத்தனமா? அதுவும் அவசர முடிவு. கரு எவ்வளவு கட்டளையிட்டாலும், ஒரு பச்சையவுருமணியைப் புதிதாகச் செய்ய அதால் முடியாது. இருக்கிற ஒன்று பிரிஞ்சால்தான் இன்னொன்று. அரபிடொப்சிஸ் செடியில் ஏ.ஆர்.சி. 6 எண்ட பிரிவுப் புரதம் பழுதானால், நூறளவு பச்சையவுருமணிகள் இருக்க வேண்டிய இலைக்கலத்தில் ஒன்றிரண்டு இராட்சத உருவங்கள்தான் கிடக்கும். அதிலும் ஒரு விசயம்: கருவிலிருந்து வரும் அந்தப் புரதமே நீலப்பச்சை பற்றீரியாவின் பழைய சொத்து.

ஆக, நட்பு எண்டும் சொல்ல ஏலாது, சிறை எண்டும் சொல்ல ஏலாது. நூறு கோடி வருசத்துக்கு மேலாக ஒன்றின் கருவி மற்றதன் கையில் இருக்குது. தனியாகப் போக இரண்டுக்கும் வழியில்லை. 'இரண்டுக்கும் லாபம்' எண்ட வரி இதை மறைக்குது.

அதனால பரீட்சையில் 'மூன்று இயல்புகளைத் தருக' எண்டு கேட்பதை விட, 'பச்சையவுருமணியின் பிரிவை யார் கட்டுப்படுத்துகிறது, எப்படித் தெரியும்?' எண்டு கேட்டால் நல்லம். முதல் கேள்விக்கு ஞாபகம் போதும். இரண்டாவதற்கு, கலத்துக்குள் நடந்த அதிகார மாற்றத்தையே ஒருக்கால் யோசிச்சுப் பார்க்க வேணும்.