என் கணக்கைப் பூட்டச் சொன்னேன்

அன்புப் பிள்ளைகளே,

ஓய்வு பெற்ற அன்று பீரோ சாவி, ஆய்வகச் சாவி எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். நாலு வருஷம் கழித்துப் போன வாரம் பள்ளிக்குப் போனபோது, சும்மா அங்குள்ள லினக்ஸ் கணினியில் என் பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அடித்துப் பார்த்தேன். திறந்துகொண்டது! இந்த வருஷ மதிப்பெண் பட்டியல் கண்முன்னே.

கணினியைப் பார்த்துக்கொள்பவன் உங்களில் ஒருவன்தான். "உங்க கணக்கை எப்படி சார் மூடுறது? மரியாதையா இருக்காதே" என்றான். இது மரியாதை இல்லையப்பா, கவனக்குறைவு. உடனே, "அப்போ அழிச்சிடவா?" என்றான். அதுவும் தப்பு. அழித்தால் என் கோப்புகளில் உரிமையாளர் பெயர் போய் வெறும் எண் நிற்கும். நாளைக்கு அதே எண் புதிதாக வருபவருக்குக் கிடைத்தால், கோப்புகளும் அவருடையதாகிவிடும்.

பூட்டினால் போதும். ஷேடோ கோப்பில் பாஸ்வேர்டுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழும், அவ்வளவுதான். (இலக்கணம் நடத்தியவனுக்கு இது பிடித்துப்போனது!) ஆனால் எஸ்எஸ்எச் சாவியோடு வருபவரை அந்தக் குறி தடுக்காமல் போகலாம். அதனால் கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்துபோன ஒரு நாளாக வைக்கச் சொன்னேன்.

அலுவலகங்களில் இந்தப் பொறுப்பில் இருப்பவர்கள், உங்களிடம் ஓய்வு பெற்றவர் பட்டியலை எடுத்து இன்றே சரிபாருங்கள். பெரியவர் வருத்தப்படுவார் என்று தயங்க வேண்டாம். அவன் பூட்டியதும் நானே மறுபடி அடித்துப் பார்த்தேன். உள்ளே விடவில்லை.